பரலோகமே அரைமணி நேரம் அமைதலாயிருந்தது

தென்தமிழகத் திருமண்டலங்களின் பேராயர்களுக்கும், சேகர குருமார்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின தபசுகாலமாகிய லெந்து நாட்கள் நெருங்கிவிட்டன. பரிசுத்த வாரக் கூட்டங்களுக்கு யாரைப் பிரசங்கியாராகக் கூப்பிடுவது, பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தைகளை யார் யாருக்குப் பங்கிடுவது, சவுண்டு சர்வீசுக்கு யாரிடம் சொல்வது என்றெல்லாம் ஒவ்வொரு சேகரத்திலும் கமிட்டி கூடி முடிவெடுக்கும் நேரம் இது. பேசுவதற்கு ஆள் தேடுகிற அந்தக் கூட்டத்தில் கேட்பதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும் என்று விண்ணப்பிக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஓய்வுநாள் பள்ளியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வெகுகாலம் இருந்தவள். இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வேதத்தை நிதானமாக வாசிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான் என் தகுதி.

நம் ஆராதனையில் மௌனம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். "சற்று நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்று குருவானவராகிய ஐயரவர்கள் சொல்கிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் கீபோர்டில் மெதுவாக ஒரு ராகம் ஆரம்பமாகிவிடுகிறது. சபை தலை குனிகிறது. பின்வரிசையில் ஒருவர் இருமுகிறார். ஒரு பாட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்ப மாட்டுவதற்குள் "பரலோக பிதாவே" என்று மைக் பேச ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பாட்டி துபாயில் இருக்கிற மகனின் பெயரைக்கூட இன்னும் கர்த்தரிடம் சொல்லியிருக்கமாட்டார்.

பெரிய வெள்ளிக்கு வாருங்கள். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிவரை ஏழு பேர் மாறி மாறிப் பேசுகிறோம். நான்கு சுவிசேஷங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் இயேசு சிலுவையில் பேசியது ஏழே வாக்கியம். மாற்கு சொல்கிற கணக்குப்படி அவர் தொங்கியது ஆறு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அவர் பேசவில்லை. அதற்கு முந்தின இரவிலும் காலையிலும் பிரதான ஆசாரியனுக்கு முன்னால் மௌனம், ஏரோது அடுக்கடுக்காகக் கேட்டதற்கு மௌனம், பிலாத்து ஆச்சரியப்படும் அளவுக்கு மௌனம். அந்த வாக்கியங்களைப் பற்றி நாம் வருஷா வருஷம் பேசுகிறோம். அந்த மௌனத்தைப் பற்றி, அதுவும் அந்த மௌனத்துக்குள்ளே இருந்து, ஒரு பத்து நிமிஷம்கூட நாம் கழித்ததாக எனக்கு நினைவில்லை.

எத்தனையோ கோயில்களில் பீடத்துக்கு மேலே ஆபகூக் 2:20 எழுதியிருக்கிறது: "பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மௌனமாயிருக்கக்கடவது." அந்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் 4ஆம் அதிகாரத்திலிருந்து பரலோக ஆராதனையை யோவான் விவரிக்கிறார். நான்கு ஜீவன்கள் இரவும் பகலும் ஓய்வில்லாமல் "பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர்" என்று பாடுகின்றன. அப்புறம் மூப்பர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், ஆயிரமாயிரமான தூதர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், பிறகு சிருஷ்டிகள் யாவும். இவ்வளவு பெரிய பாடகர் குழுவை வேறு எங்கும் பார்க்க முடியாது. 8ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவர் ஏழாம் முத்திரையை உடைக்கிறார். "பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணிநேரமளவும் அமைதல் உண்டாயிற்று." ஓய்வே இல்லாத பாட்டு நின்றுவிட்டது.

ஏன்? அடுத்த வசனங்களை வாசியுங்கள். ஒரு தூதன் பொற்கலசத்தோடு வந்து பலிபீடத்தண்டையில் நிற்கிறான். பரிசுத்தவான்களின் ஜெபங்கள் தூபத்தோடு தேவனுக்கு முன்பாக எழும்புகின்றன. அது எந்த ஜெபம்? இரண்டு அதிகாரத்துக்கு முன்னால் அதே பலிபீடத்தின் கீழிருந்து ஒரு கூக்குரல் வந்தது. சாட்சிக்காகக் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் "ஆண்டவரே, எதுவரைக்கும்?" என்று கேட்டன. பூமியில் அடிபட்டவர்களின் அந்தக் குரலுக்குத்தான் பரலோகம் தன் பாட்டை நிறுத்திக் காதுகொடுக்கிறது என்று வேத அறிஞர்கள் சிலர் விளக்குகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் சரியாகவே படுகிறது. வேதத்தின் தேவன் பேசுவதற்கு முன் கேட்கிறவர். எரிகிற முட்செடியிலிருந்து மோசேக்கு அவர் கட்டளை கொடுக்குமுன் சொன்னது, எகிப்தில் என் ஜனத்தின் கூக்குரலைக் கேட்டேன் என்பதுதான். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோய் ஆகார் சத்தமிட்டு அழுதபோதும் "தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார்" என்றுதான் எழுதியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அம்மாவுக்குச் சத்தம் பிடிக்கவில்லை, வயசாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் சபைகளின் சத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டான காலத்தில் இங்கே விசுவாசத்துக்கு வந்தவர்கள் யார்? பெரிய மனிதர்களின் தெருவில் குரலெழுப்பக்கூடாதவர்கள், எட்டி நின்று கைகட்டிப் பேச வேண்டியவர்கள். தெற்குத் திருவிதாங்கூரில் நம் பாட்டிமார் மேலாடை அணிவதற்கே 1859வரை போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஜனம் ஒரு கூரைக்கோயிலுக்குள் சேர்ந்து நின்று வாய்விட்டுக் கீர்த்தனை பாடியபோது அதுவே விடுதலை. அந்த ஆர்ப்பரிப்பு போய்விடக்கூடாது. தப்பும் கைத்தாளமும் வேண்டும். சபையார் கூடி உண்கிற அசனப் பண்டிகையின் ஆரவாரமும் வேண்டும். ஒலிபெருக்கி விவகாரம் தனி. அதை உச்சநீதிமன்றமே 2000ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த ஒரு சபையின் வழக்கில் தீர்த்துவிட்டது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று. அந்தத் தீர்ப்பை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பதை நம் கன்வென்ஷன் பந்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் விண்ணப்பம் டெசிபல் பற்றியதல்ல. யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதைப் பற்றியது.

வகுப்பறையில் இரண்டு விதமான அமைதி உண்டு. பிரம்போடு நிற்கிற வாத்தியாருக்குப் பயந்து பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வது ஒன்று. ஒரு பிள்ளை எழுந்து திக்கித் திக்கிப் பதில் சொல்லும்போது, வாத்தியார் குறுக்கிடாமல் காத்திருக்க, மற்றப் பிள்ளைகளும் காத்திருப்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்கிற தலைமையாசிரியருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நம் சபைகளில் முதல் வகை தாராளமாக இருக்கிறது. இரண்டாவதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

1 கொரிந்தியர் 14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சபையில் பேசக்கூடாது என்பதற்கு இன்றைக்கும் காட்டப்படுகிற அதிகாரம். கமிட்டித் தேர்தல் சமயத்தில் எனக்கே காட்டியிருக்கிறார்கள். அதே அதிகாரத்தில் பவுல் மூன்று பேரை வாயடக்கச் சொல்கிறார். அந்நிய பாஷையில் பேசுகிறவன், அர்த்தம் சொல்ல ஆளில்லாவிட்டால், சபையில் பேசாமலிருக்க வேண்டும். இது 28ஆம் வசனம். தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருப்பவன், உட்கார்ந்திருக்கிற இன்னொருவனுக்கு ஏதாவது வெளிப்படுத்தப்பட்டால், நிறுத்திவிட வேண்டும். இது 30. பெண்கள் என்று வருவது 34. இந்தக் கடைசி வசனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று அறிஞர்களுக்குள்ளே வழக்கு ஓயவில்லை. ஜெபிக்கிற, தீர்க்கதரிசனம் சொல்கிற பெண்களைப் பற்றி மூன்று அதிகாரத்துக்கு முன்னால் பவுலே எழுதியிருக்கிறார். அதை விடுங்கள். இந்த மூன்றில் இரண்டை நாம் காற்றில் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். பிரசங்கம் பண்ணுகிற ஒருவர், கீழே உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குக் கர்த்தர் ஏதோ உணர்த்தியிருக்கிறார் என்று அறிந்து பாதியில் நிறுத்தி வழிவிட்டதை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பெந்தெகொஸ்தே சபைகளில் ஒருவேளை நடக்கலாம். நம்மிடத்தில் பிரசங்க பீடத்துக்குப் படி இருக்கிறது, ஏறினவர் தானாக இறங்கினால்தான் உண்டு.

வேதத்தில் கர்த்தரே வாயை அடைத்த ஒரு ஆசாரியர் இருக்கிறார், சகரியா. லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரம். தூபங்காட்டச் சீட்டு அவருக்கு விழுகிறது. உள்ளே போகிறார், ஜனங்கள் வெளியே ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்கிறான் தூதன். பிள்ளைக்காக எத்தனையோ வருஷம் ஜெபித்த ஆசாரியருக்குப் பதில் வந்ததும் நம்ப முடியவில்லை, அத்தாட்சி கேட்கிறார். (ஜெபம் நடத்துகிறவர்களுக்கு அந்த ஜெபத்தின்மேல் இருக்கிற நம்பிக்கையை லூக்கா நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்.) அப்போதிருந்து அவருக்குப் பேச்சில்லை. பின்னால் உறவினர்கள் அவரிடம் சைகையாகக் கேட்டார்கள் என்று வருவதைப் பார்த்தால் காதும் கேட்காமல் போயிருக்கும் போலிருக்கிறது.

இனிமேல்தான் கதை நன்றாகிறது. ஆசாரியர் வாய் மூடியிருக்கிற அந்த மாதங்களில் அதிகாரம் முழுக்கப் பெண்களின் குரல். கலிலேயாவிலிருந்து மரியாள் என்ற இளம்பெண் மலைநாட்டுக்கு வருகிறாள். ஆசாரியரின் மனைவி எலிசபெத்து, கர்ப்பிணியான வயதான பெண், பரிசுத்த ஆவியால் நிறைந்து அவளை வாழ்த்துகிறாள். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்று அந்த இளம்பெண் பாடுகிறாள். இன்றைக்கும் உலகமெங்கும் மாலை ஆராதனையில் திருச்சபை பாடுகிற அந்தப் பாட்டு பிறந்தது ஊமையாயிருந்த ஒரு ஆசாரியரின் வீட்டில். பிள்ளை பிறந்து எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு உறவெல்லாம் கூடுகிறது. பிள்ளைக்கு யோவான் என்று பேரிட வேண்டும் என்கிறாள் எலிசபெத்து. உறவினர்கள் ஏற்கவில்லை. உங்கள் வம்சத்தில் அந்தப் பேர் கிடையாதே என்று சொல்லிவிட்டுத் தகப்பனிடம் திரும்புகிறார்கள். அவர் எழுத்துப்பலகை கேட்டு வாங்கி, "இவன் பேர் யோவான்" என்று எழுதுகிறார். மனைவி சொன்னதையே எழுதினார். உடனே அவர் வாய் திறந்தது, நாவு கட்டவிழ்ந்தது. அதற்கப்புறம் அவர் சொன்ன தீர்க்கதரிசனத்தை நீங்கள் காலை ஆராதனையில் வாசிக்கிறீர்கள்.

ஒரு குருவானவர் எதற்காக மௌனமாயிருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு அதிகாரம் எனக்குப் போதும்.

துக்க வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு சேகர குருவுக்கு எத்தனை கிளைச்சபை, எத்தனை மரணம், எத்தனை கல்யாணம் என்று அறிவேன். எங்கள் பக்கத்தில் கல்லூரிக்குப் போன மகனை பைக் விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய் இருந்தாள். ஊழியர்கள் வந்தார்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28 வாசித்தார்கள். தேவசித்தம் என்றார்கள். ஜெபித்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, போனார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவள் எதுவும் பேசவில்லை.

பக்கத்துத் தெருவில் பீடி சுற்றுகிற ஒரு அக்கா சாயங்காலமானால் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாயிலேயே உட்கார்ந்துகொள்வாள். நம் சபையைச் சேர்ந்தவள்கூட இல்லை. இலையை வெட்டுவாள், தூளை வைத்துச் சுருட்டுவாள், நூலைக் கட்டுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். சில நாள் கழித்து அந்தத் தாய் தானாகவே வாய் திறந்தாள். அன்றைக்குக் காலையில் காசு விஷயமாக மகனோடு சண்டை போட்டிருக்கிறாள். அவன் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அந்தத் தட்டை அவள் கழுவாமல் ஒரு மூடி போட்டுப் பரண்மேல் வைத்திருந்தாள். தேவசித்தம் என்று வந்தவர்களெல்லாம் சொன்னபோது அவள் மனதில் ஓடியது அந்தத் தட்டுதான். அதைச் சொல்ல ஒருவருமே அவளுக்கு இடம் கொடுக்கவில்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூன்று பேரையும் நாம் திட்டுகிறோம். அவர்கள் செய்த முதல் காரியத்தை மறந்துவிடுகிறோம். ஏழு நாள் இரவு பகலாகத் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், துக்கம் மகா கொடியதென்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த முழுப் புத்தகத்திலும் அவர்கள் செய்த உருப்படியான ஊழியம் அதுதான். அதன்பிறகு யோபு வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபித்தான். அந்தப் புலம்பலை அவர்களால் தாங்க முடியவில்லை, தேவனுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசினதில் நம் பிரசங்கங்களில் இல்லாத ஒன்றும் இல்லை: பாவத்துக்குத் தண்டனை உண்டு, கர்த்தர் நீதியுள்ளவர், மனந்திரும்பினால் ஆசீர்வாதம் வரும். கடைசியில் கர்த்தர், என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டது தம்மோடு வழக்காடின யோபை அல்ல, தமக்காக வாதாடின இவர்களைத்தான்.

இன்னொரு மௌனம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை.

சாமுவேலின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்." பிள்ளைகள் படம் வரைவார்கள்: விளக்கு, பாய், எழுந்து உட்கார்ந்திருக்கிற சிறுவன். பாடப்புத்தகம் அங்கேயே முடிந்துவிடும். அந்த இரவில் கர்த்தர் அவனிடம் சொன்னது என்ன என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியின் குமாரர் தாங்களும் ஆசாரியர்களாயிருந்து பலியின் மாம்சத்தைப் பறித்தார்கள், ஆசரிப்புக் கூடாரத்து வாசலுக்கு வந்த பெண்களோடு தகாதபடி நடந்தார்கள். ஏலிக்கு அது தெரியும். ஏதோ கண்டித்தான், அதோடு விட்டுவிட்டான். அவனுடைய வீட்டுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பைத்தான் கர்த்தர் ஒரு பையனிடம் சொன்னார். சாமுவேல் காலையில் கதவுகளைத் திறந்துவிட்டு, அதை ஏலிக்கு அறிவிக்கப் பயந்தான். பயப்படத்தானே செய்வான்? சோறு போடுகிறவர், படுக்க இடம் கொடுத்தவர், பெரியவர். அந்த இடத்தில் ஏலி செய்தது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. ஒன்றையும் மறைக்காதே என்று அவனாகவே வற்புறுத்திக் கேட்டான். கேட்டபின் பையனை அடிக்கவில்லை, பொய் சொல்கிறாய் என்று விரட்டவில்லை. "அவர் கர்த்தர்" என்று ஒப்புக்கொண்டான். வாழ்க்கை முழுக்கத் தவறவிட்ட ஒரு தகப்பன் அந்த ஒரு காலையில் சரியாகக் கேட்டான்.

நாம் அங்கம் வகிக்கிற ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலேயே சமீபத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர், கிறிஸ்தவ முகாம்களின் பேரில் இங்கிலாந்திலும் பிறகு ஆப்பிரிக்காவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களையும் வாலிபர்களையும் கொடுமையாக அடித்தவர். 1982இலேயே சில ஊழியர்கள் விசாரித்து அறிக்கை எழுதினார்கள். போலீசுக்குப் போகவில்லை. ஊழியத்தின் பெயர் கெட்டுவிடுமே. கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பிக்கு 2013இல் தகவல் போனது. ஸ்மித் 2018இல் எந்தத் தண்டனையும் அனுபவிக்காமலே செத்துப்போனார். 2024 நவம்பரில் ஒரு சுயாதீன அறிக்கை இதையெல்லாம் வெளியே கொண்டுவந்த சில நாட்களில் பேராயர் பதவி விலகுவதாக அறிவித்தார். பாதிக்கப்பட்டவர்கள் இத்தனை வருஷமும் பேசாமலிருந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பேசினார்கள். கேட்கவேண்டியவர்கள் வேறு ஏதோ முக்கியமான வேலையில் இருந்தார்கள்.

நம் பக்கத்திலும் பள்ளிகள் உண்டு, விடுதிகள் உண்டு, ஆஸ்பத்திரிகள் உண்டு. "சபை காரியத்தை வெளியே கொண்டுபோகாதே", "ஜெபத்தில் வை", "மன்னிப்பதுதான் கிறிஸ்தவம்" என்ற வாக்கியங்கள் நமக்குப் புதிதல்ல. அந்த அமைதிக்குப் பக்திச்சாயம் பூசாதீர்கள். வழியோரத்துக் குருடனாகிய பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டபோது அவனை அதட்டிப் பேசாதிருக்கச் சொன்னவர்கள் இயேசுவோடு கூட நடந்துபோன ஜனங்கள்தான். இயேசு நின்றார். உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியும்தானே, அப்படியும் கேட்டார்.

மௌனம், அமைதித் தியானம் என்றெல்லாம் சொன்னாலே சிலர் சந்தேகப்படுகிறார்கள். இது கத்தோலிக்கர் சமாச்சாரம், இல்லாவிட்டால் யோகா, ஆசிரமம் என்கிறார்கள். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் ஆரம்பித்த சாந்திவனம் இன்றும் இருக்கிறது. அவர்களில் ஒருவர் திருவண்ணாமலையில் ரமணரின் மௌனத்தால் ஆழமாகத் தொடப்பட்டவர். அந்த வழியில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எனக்கே அதில் எல்லாம் புரிந்துவிடவுமில்லை. ஆனால் மௌனம் நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கல்ல. நான்காம் நூற்றாண்டு எகிப்து வனாந்தரத்துத் துறவிகளிடம் அலெக்சந்திரியாவின் பேராயர் தியோப்பிலு ஒருமுறை வந்தார். பேராயருக்குப் பிரயோஜனமாக ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மற்றவர்கள் பம்போ என்ற முதியவரைக் கேட்டுக்கொண்டார்கள். என் மௌனத்தால் அவருக்குப் பிரயோஜனமில்லையென்றால் என் பேச்சாலும் இருக்காது என்றார் அவர். (பேராயர்கள் விசிட்டேஷன் வரும்போது நாம் வாசிக்கிற வரவேற்புரைகளை நினைத்துக்கொள்கிறேன்.) ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கின் முதல் வார்த்தையே "கேள்" என்பதுதான். முக்கியமான காரியம் எதுவானாலும் மடாதிபதி எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் கர்த்தர் பலமுறை இளையவனுக்குத்தான் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்றும் அதில் இருக்கிறது. நம் கமிட்டியில் இளையவர்கள் பேச எழுந்தால் "உட்காரு தம்பி" என்பதுதான் முதலில் வருகிறது.

புரொட்டஸ்டண்டுக்காரர் வேண்டுமா, ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் இருக்கிறார். ஹிட்லர் காலத்தில் ஃபிங்கன்வால்டேயில் ஊழியப் பயிற்சிப்பள்ளி நடத்தினார், 1937இல் ஹிட்லரின் ரகசியப் போலீசாகிய கெஸ்டபோ அதை மூடிவிட்டது. அங்கே தினமும் காலையில் அரைமணி நேரம் ஒரே வேதபகுதியோடு மௌனமாக உட்கார மாணவர்களைப் பழக்கினார். முதலில் அவர்கள் முணுமுணுத்தார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். மடாலய வாடை அடிக்கிறதே என்று இறையியலாளர் கார்ல் பார்த்துக்கும் அது பிடிக்கவில்லை. சகோதரனுக்குச் செய்கிற முதல் ஊழியம் அவன் சொல்வதைக் கேட்பதே, சகோதரனைக் கேட்க முடியாதவன் சீக்கிரத்தில் தேவனையும் கேட்கமாட்டான் என்று அவர் எழுதினார். தீமைக்கு முன் மௌனமாயிருப்பதே தீமை என்று அவர் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வாசகம் அவர் எழுத்துகளில் எங்குமே கிடையாது. ஆனால் காலையில் மௌனமாக உட்காரச் சொன்ன அதே மனிதர்தான், பேசியே தீரவேண்டிய இடத்தில் பேசி, 1945இல் தூக்குமரத்துக்குப் போனார்.

ரோமிலும் ஒன்று நடந்தது. 2023 அக்டோபரில் கூடிய ஆயர்கள் மாமன்றத்தில் கர்தினால்களும் கன்னியாஸ்திரீகளும் சாதாரண விசுவாசிகளும் ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்தார்கள். முதல்முறையாகப் பெண்களுக்கும் வாக்குரிமை. ஒவ்வொருவரும் குறித்த நேரம் பேச வேண்டும். பிறகு மௌனம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தைத் திரும்பச் சொல்லக்கூடாது, மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்று சொல்ல வேண்டும். மறுபடி மௌனம். அந்த மாமன்றம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று கத்தோலிக்கர்களே சொல்லமாட்டார்கள். ஆனாலும் நம் திருமண்டலப் பெருமன்றக் கூட்டங்களை நேரில் பார்த்தவர்களுக்கு, நாற்காலி பறக்காமல் ஒரு மாதம் கூட்டம் நடத்த முடியும் என்பதே ஒரு செய்தி.

வாலிபர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால் பிரான்சிலுள்ள டெய்ஸே சமூகத்தைப் பாருங்கள். அதன் குட்டிப் பாடல்களை நாமும் பாடுகிறோம். அங்கே ஒவ்வொரு ஜெபவேளையின் நடுவிலும் நீண்ட மௌனம் உண்டு. கோடைகாலத்தில் வாரம்தோறும் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் வந்து தரையில் உட்காருகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். இந்த லெந்தில் ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் முடிந்ததும் மூன்று நிமிஷம், வாத்தியம் எதுவுமில்லாமல் விடுங்கள். முதல் வாரம் எல்லாரும் நெளிவார்கள், நெளியட்டும். பெரிய வெள்ளி ஏழு பேச்சில் ஒன்றிரண்டையாவது வேதத்தை வாசித்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். துக்க வீட்டுக்குப் போகும் ஊழியர்களிடம், முதல் தடவை போகும்போது பிரசங்கம் வேண்டாம், உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். வருஷத்தில் ஒருமுறை ஐயரவர்களும் கமிட்டியும் முன்னால் உட்கார்ந்து, பெண்களும் வாலிபர்களும் கோயில் பெருக்குகிறவர்களும் பேசுவதைப் பதில் சொல்லாமல் கேட்கிற ஒரு கூட்டம் வையுங்கள். அன்றைக்கே பதில் சொல்லக்கூடாது, ஒரு மாதம் கழித்துச் சொன்னால் போதும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த நிறுவனத்திலும் பெண்களின் பாலியல் தொந்தரவுப் புகாரைக் கேட்க உள் குழு வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒரு குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. சபைக்கும், மேலாளராக இருக்கிற குருவானவருக்கும் இதில் விலக்கு கிடையாது. உங்கள் திருமண்டலத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று பார்த்து, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, கோயில் நோட்டீஸ் போர்டில் கல்யாண அறிவிப்புகளுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன்னால் அது ஒட்டப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினள் ஒருத்தி